திருப்பி அடிக்கட்டுமா அம்மா?

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணி. வெளியே மைனஸ் 16 டிகிரி. கனடாவில், டொரன்டோவை ஒட்டிய ஊரில் குடியிருக்கும் நாங்கள் மகனை ஐஸ் ஹாக்கி மேட்சுக்கு அழைத்துப் போயிருந்தோம்.

திருநெல்வேலியில் குச்சி ஐஸ் தவிர வேறு ஐஸ் அறியாமல் வளர்ந்தவள் நான். இப்போது பிளாஸ்க் காபியோடு பனி அரங்கத்தின் சில்லிட்ட பெஞ்சில் உட்கார்ந்து, 12 வயதுப் பையன்கள் சறுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறேன். காலம் செய்த வேடிக்கை!

இங்கே குழந்தைகள் பலருடைய ஜெர்சியின் முதுகில், கழுத்துக்குக் கீழே, சாலையில் இருக்கும் 'ஸ்டாப்' போர்டு போலவே ஒரு சிவப்புச் சின்னம் தைத்திருப்பார்கள். 'எதிராளியின் முதுகு உன் பக்கம் இருந்தால் தள்ளாதே' என்று அர்த்தம். ஆடுகளத்தைச் சுற்றிப் பலகைச் சுவர் இருக்கிறது. பின்னாலிருந்து தள்ளினால் தலை நேராக அதில்போய் மோதும். கழுத்து என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று என் மகனுக்கு அதுதான் நடந்தது. சுவரோரம் பக்கைத் தேடிக் குனிந்தவனை, எதிரணிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து தள்ளினான். 'டம்' என்ற சத்தம் எங்கள் பெஞ்ச் வரை கேட்டது. ரெஃப்ரி அதற்குள் பக் போன திசையில் திரும்பியிருந்தார். விசில் ஊதவில்லை. கடவுள் புண்ணியத்தில் அடி ஒன்றும் பெரிதாக இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் சீட்டிலிருந்து மகன் கேட்டான். "மூணு வாரம் கழிச்சு அதே டீம்கூட திரும்ப ஆடணும். ரெஃப்ரிதான் பார்க்கலையே... அப்போ நான் திருப்பி அடிக்கட்டுமா அம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் அமைதியாகக் கேட்டான்.

"விட்டுத்தள்ளுடா" என்றார் என் கணவர். எனக்கோ, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 'நல்லா ஒண்ணு குடு' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பெற்ற வயிறு அப்படி.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. டி.வி-யில் அவன் பார்க்கும் என்.ஹெச்.எல் ஆட்டங்களில் இரண்டு வீரர்கள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் குத்திக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பவும் ஆட வருவார்கள். நட்சத்திர வீரரை யாராவது சீண்டினால் பதிலடி கொடுக்கவென்றே அந்தக் காலத்தில் ஒவ்வோர் அணியும் ஓர் ஆளை வைத்திருந்தது. நம் ஊரில் அதற்கு 'அடியாள்' என்று பெயர்.

அடுத்த வாரம் அரங்கத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பையனின் தாத்தா, "ஸ்டீவ் மூர் கதையைப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார். அன்று இரவே தேடிப் படித்தேன். தூக்கம் போய்விட்டது.

2004 பிப்ரவரி 16. கொலராடோ அணியின் புதுமுகம் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணியின் கேப்டன் மார்கஸ் நாஸ்லுண்டை இடித்து வீழ்த்தினார். கேப்டனுக்குத் தலையில் அடி. மூன்று ஆட்டங்கள் ஆட முடியவில்லை. ஆனால் களத்தில் பெனால்டி இல்லை. பிறகு ஆராய்ந்த லீக் நிர்வாகமும், தண்டிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. வான்கூவர் வீரர்கள் சிலர் பழிவாங்குவோம் என்ற தொனியில் பேசியது பத்திரிகைகளில் வந்தது.

மார்ச் 3-ம் தேதி இரு அணிகளும் மோதியபோது லீகின் தலைவர் கேரி பெட்மேனே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் 8-ம் தேதி வான்கூவரில் மறுபடியும் ஆட்டம். முதல் பகுதியிலேயே மூரைச் சண்டைக்கு இழுத்தார் மேட் குக் என்ற வீரர். மூர் மறுக்காமல் மோதினார். இருவரும் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். கணக்கு தீர்ந்தது என்றுதான் மூரும் நினைத்திருப்பார்.

தீரவில்லை. கடைசிப் பகுதியில் டாட் பெர்ட்டூசி என்ற வீரர் பின்னாலிருந்து மூரின் ஜெர்சியைப் பிடித்து, தலையில் குத்தி, ஐஸில் முகம் குப்புற அழுத்தினார். மற்றவர்களும் மேலே விழுந்தார்கள். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அதன்பிறகு அவர் ஒரு என்.ஹெச்.எல் ஆட்டம்கூட ஆடவில்லை. அப்போது அவருக்கு 25 வயது. ஹார்வர்டில் படித்தவர். அவர் வளர்ந்தது தார்ன்ஹில், டொரன்டோவுக்குப் பக்கத்து ஊர். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறோம்.

பெர்ட்டூசிக்கு அந்த சீசன் முழுக்கத் தடை. வான்கூவர் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம். நீதிமன்றத்தில் பெர்ட்டூசி குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேர சமூக சேவையும் தண்டனை. 2005-ல் மீண்டும் ஆட வந்துவிட்டார். மூர் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கு, 2014-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். சட்டம் கொடுக்கும் தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு. பெனால்டி பாக்ஸில் இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம். நேரம் முடிந்ததும் கதவு திறந்துவிடும். பழிக்கு அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. மூர் ஒருமுறை சண்டை போட்டுக் கணக்கு தீர்த்தார். அது போதாது என்று இன்னொருவர் முடிவு செய்தார்.

சரி, அதன்பிறகாவது எல்லாம் மாறியதா என்றால், 2011-ல் வீரர்கள் பாதுகாப்புக்கென்றே லீக் தனித்துறை ஆரம்பித்தது. ஆனாலும் 2021 மே 3-ம் தேதி என்ன நடந்தது பாருங்கள். வாஷிங்டன் அணியின் டாம் வில்சன், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பாவெல் புச்னெவிச் ஐஸில் குப்புறக் கிடக்கும்போது குத்தினார். தடுக்க வந்த ஆர்ட்டெமி பனாரினைத் தூக்கி ஐஸில் அடித்தார். பனாரின் அந்த சீசனில் மிச்சமிருந்த ஆட்டங்களில் ஆட முடியவில்லை.

இரண்டு மாதம் முன்புதான் வேறொரு வீரரை இடித்ததற்காக இதே வில்சனுக்கு 7 ஆட்டங்கள் தடை விதித்திருந்தார்கள். இந்த முறை? 5,000 டாலர் அபராதம், அவ்வளவுதான். ஒப்பந்தப்படி அபராதத்தின் உச்சவரம்பு அதுதானாம். ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அது டீச்செலவு.

கொதித்துப்போன ரேஞ்சர்ஸ் நிர்வாகம், பாதுகாப்புத் துறைத் தலைவர் ஜார்ஜ் பாரோஸ் அந்தப் பதவிக்கே லாயக்கில்லை என்று அறிக்கை விட்டது. இந்த பாரோஸும் ஒரு காலத்தில் சண்டைக்காகப் பெயர் வாங்கிய வீரர்தான்.

மே 5-ம் தேதி அதே இரு அணிகளும் மோதின. பக்கைக் கீழே போட்டதும் ஒரே நேரத்தில் மூன்று ஜோடிகள் சண்டையைத் தொடங்கின. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டைகள். அந்த ஆட்டத்தில் ஸ்டிக்கால் வேறொருவர் முகத்தில் அடித்ததற்காக ஒருவருக்கு ஓர் ஆட்டம் தடை விழுந்தது. அவர் யார் தெரியுமா? இரண்டு நாள் முன்பு குத்து வாங்கிய புச்னெவிச்! அறிக்கை விட்ட ரேஞ்சர்ஸ் அணிக்கு அபராதம் 2,50,000 டாலர். 17 ஆண்டுகளுக்கு முன் ஒருவரின் கழுத்து முறிந்தபோது வான்கூவர் கட்டிய அதே தொகை.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்போ ரெஃப்ரி சரியா இருந்தா யாரும் அடிச்சுக்க மாட்டாங்கதானே?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், ஓரமாகத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலேயே சொன்னாள். "நம்ம வீட்டு ரெஃப்ரி மட்டும் என்னவாம்? இவன் என் நோட்டைக் கிழிச்சது உன் கண்ணுல படல. நான் இவனை அடிச்சது மட்டும் பட்டுது. என் போனை வாங்கி வச்சு எட்டு நாள் ஆச்சு. எப்போ தருவேன்னும் சொல்லல."

சுருக்கென்றது. 'அக்காதானே பொறுத்துப்போகணும்' என்று நான் எத்தனை முறை தீர்ப்பு எழுதியிருக்கிறேன்! முதல் அடி கண்ணில் படாது, இரண்டாவது அடிக்குத்தான் தண்டனை. என் மனநிலையைப் பொறுத்து ஒருநாள் திட்டு, ஒருநாள் பறிமுதல். முடிவுத் தேதியும் கிடையாது. ஊரான் லீகை நொந்துகொண்ட நான், வீட்டில் அதையேதான் நடத்திக்கொண்டிருந்தேன்.

எழுந்துபோய் போனை எடுத்து வந்து கொடுத்தேன். "மன்னிச்சுக்கோடி" என்றேன். நோட்டுக்கான தண்டனை தம்பிக்கு: மூன்று நாள் வீடியோ கேம் கிடையாது, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடியும். காலண்டரில் எழுதியும் வைத்தேன்.

அந்த அடுத்த மேட்சும் வந்தது. கோச் முன்கூட்டியே ரெஃப்ரியிடம் போன தடவை நடந்ததைச் சொல்லிவைத்தார். நான் காபியைத் தொடவே இல்லை. மகன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பக்கைத் துரத்தும் வேகத்தில் ஸ்டிக்கால் ஒருவனைத் தடுக்கிவிட்டு, இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸுக்குப் போனான். நேரம் முடிந்து கதவு திறந்ததும் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

காரில் கேட்டேன், "அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?"

"சாரி சொல்லல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ரெஃப்ரி இன்னிக்கு எங்களையே பார்த்துட்டு இருந்தாரும்மா" என்றான்.

15 வயதுப் பிரிவில் உடலால் இடித்து ஆடவும் அனுமதி உண்டாம். அப்போது இவன் என்ன செய்வானோ, தெரியாது. இப்போதைக்கு என் வீட்டு விசிலையாவது ஒழுங்காக ஊதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.