முதல் மாதமும் மறு மாதமும்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மண்டபமொன்றில் நம் தமக்கையாரின் பேத்திக்குப் பூப்பு நீராட்டு விழா சிறப்புற நடந்தேறியது. அழைப்பிதழ் அச்சிடப்பட்டது, நாயனம் முழங்கிற்று, நூற்றுக்கணக்கானோர் உண்டு வாழ்த்திச் சென்றனர். ஒரு பெண்ணின் உடலில் நிகழ்ந்த மாறுதலை ஊரறியக் கொண்டாடும் நாம், மறுமாதம் அதுவே வருங்கால் அதன் பெயரைச் சொல்லவும் நாணுவதேன்?

50 ஆண்டுகளுக்கு முன், கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் தமக்கையாருக்கும் இவ்விழா நடந்தது. தாய்மாமன் தென்னங்கீற்றால் குடிசை கட்டினார். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டினர். பலகாரத்தின்மேல் ஆசை கொண்டு அக்குடிசையையே சுற்றி வந்தோம் நாம். மறுமாதமோ, அதே பெண் தனித் தட்டும் தனிப் பாயுமாக லயத்து வீட்டின் பின்புறம் ஒதுக்கப்பட்டார். பழம் புடவைத் துணியை அலசி, ஆடவர் கண்ணில் படலாகாதென்று பாவாடைக்கடியில் மறைத்து உலர்த்துவார். வெயில் காணாத அத்துணியால் புண்ணும் அரிப்பும் கண்டு அவர் துன்புற்றதை நாம் பிற்காலத்திலேயே அறிந்தோம். மாதந்தோறும் நான்கு நாள் பள்ளி தடைப்பட்டது. பின்னர்ப் பள்ளியே நின்றது. “தீட்டு, தொடாதே” என்று கூவி விலகி ஓடியவர்களில் நாமும் ஒருவர். இதனை மறைத்துவிட்டு மற்றவர்க்கு அறிவுரை கூறுதல் நேர்மையன்று.

தீட்டென்பதுதான் யாது? கருவைத் தாங்குதற்பொருட்டுக் கருப்பையின் உட்புறத்தே தடித்து வளரும் மெல்லிய உறை, கரு தங்காதபோது இரத்தத்தோடு கழிகிறது. அவ்வளவே! ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது ஏறக்குறைய 400 முறை நிகழும். இஃதின்றேல் பிள்ளை ஏது? குலம் ஏது? கேடு உதிரத்தில் இல்லை. ஈரத்துணியிலும் வாய்திறவாமையிலுமே உள்ளது. உதிரம் அளவுமீறிப் போயின் இரும்புச்சத்துக் குன்றிச் சோகை உண்டாகும். வாய்திறவாதவள் மருத்துவரிடம் எங்ஙனம் செல்வாள்? ஒரு முறைக்குப் பந்தல். எஞ்சிய 399 முறைக்கும் திரை. இதுவே நம் வழக்கம்.

கோயமுத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் என்பார், தம் மனைவி கந்தைத் துணியை ஒளித்துச் செல்வதைக் கண்டு மனம் நொந்தார். ஊரார் பழித்தும் தளராது முயன்று, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை அமைத்தார். 2016இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. விலக்கான பெண்களைக் கொட்டிலில் தள்ளும் கொடுமையை நேபாளம் 2017இல் சட்டத்தால் குற்றமாக்கிற்று. மலேசிய அரசாங்கமும் 2022ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், வறிய குடும்பத்து இளம்பெண்கள் 130,000 பேருக்கு மாதந்தோறும் நாப்கின் முதலியவற்றை இலவசமாக வழங்க முன்வந்தது. அரசாங்கம் பொருள் தரலாம். வீட்டிலுள்ளோர் நாவைத் திறப்பது யார்?

விழாவன்றிரவு விருந்தினர் சென்றபின், தமக்கையார் பேத்தியை அருகழைத்து, நாப்கின் கட்டொன்றைக் கையில் தந்து, அதனை எத்தனை மணிக்கொருமுறை மாற்றவேண்டும், வயிறு வலித்தால் என் செய்யவேண்டும் என்று விளக்கலானார். நாம் எழுந்து வெளியேற முயன்றோம்.

“உட்கார் தம்பி,” என்றார். “அன்றைக்கு உனக்கும் யாராவது சொல்லியிருந்தால் என்னைக் கண்டு ஓடியிருக்கமாட்டாய்.”

தலைகுனிந்து அமர்ந்தோம். சிறுமியின் தந்தையும் உடனமர்ந்து கேட்டார்.

தாய்மார்களே, தாய்மாமன்மார்களே! விழா எடுப்பது உங்கள் விருப்பம். ஆயின் அதில் ஒரு நாழிகையை இவ்வறிவு புகட்டுதற்கு ஒதுக்குங்கள். ஆண் பிள்ளைகளையும் அருகே அமர்த்துங்கள்.

இம்மாதம் அச்சிறுமி ஒருநாளும் பள்ளிக்குத் தவறவில்லையென்று அறிகிறோம். அவ்விழாவின் பயன் அதுவே.