மைத்துனர்களின் ராஜ்யம்

மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் போகிற வண்டிகளெல்லாம் நெருக்கியடித்து நிற்கும் குமணன்சாவடி முனையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரங்களில், அடுத்த ஊராகிய பூந்தமல்லியில் 1639-ஆம் ஆண்டு வீற்றிருந்த தாமர்ல ஐயப்ப நாயக்கரைப் பற்றிச் சிந்திப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அவருடைய சகோதரர் வேங்கடாத்ரி வந்தவாசியில் அதிகாரம் செலுத்தினார். தந்தை சென்னப்ப நாயக்கர். தாயாரோ வேலுகோட்டி வம்சத்துப் பெண், பராக்கிரமசாலியான யாச்சம நாயக்கரின் உடன்பிறந்தவர். அக்காலத்தில் ஒருவருடைய உத்தியோகத்தை அறிய வேண்டுமானால், அவர் யாருக்கு மருமகன் என்று விசாரித்தாலே போதும்.

வேலூரிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னர் வேங்கடபதி 1614-இல் காலமானதும், இந்தப் பந்துத்துவத்தின் கோர ரூபம் வெளிப்பட்டது. ராணி ஒருத்தியின் சகோதரரான கொப்பூரி ஜக்கராயர், அவளுடைய மகன் என்று சொல்லப்பட்ட ஒரு சிறுவனைச் சிம்மாசனத்தில் ஏற்றும் பொருட்டு, முறைப்படி பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொன்றார். துணி வெளுப்பவர் ஒருவரின் சாமர்த்தியத்தால் தப்பிய இளவரசர் ராமதேவருக்காக யாச்சமர் வாளெடுத்து, தஞ்சை ரகுநாத நாயக்கரைத் துணைக்கொண்டு, தோப்பூர்ப் போர்க்களத்தில் ஜக்கராயரை வீழ்த்தினார். இவ்வளவுக்கும் பிறகு ராமதேவர் செய்த காரியம் என்ன? ஜக்கராயரின் தம்பி எதிராஜரின் மகளையே மணந்துகொண்டார்! தம் குலத்தைக் கருவறுத்தவர்களோடு சம்பந்தம் செய்துகொள்வது ராஜதந்திரமாகவே இருக்கலாம். ஆனால் அந்த விவாகச் செய்தி யாச்சமர் செவியில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு அவர் மீது இரக்கமே உண்டாகிறது. அவர் அதை ஏற்கவில்லை. முடிவில் தாம் காப்பாற்றிய அரசருக்கே விரோதியானார்.

பழவேற்காட்டு டச்சுக்காரருக்கும் மயிலாப்பூர்ப் போர்ச்சுகீசியருக்கும் இடையே நடந்த சச்சரவைத் தடுக்கவே ஐயப்பர் நடுவில் சென்னப்பட்டினத்தைத் தந்தை பெயரால் ஸ்தாபித்தார் என்று, மற்றொரு சகோதரர் அங்கபூபாலர் தம்முடைய தெலுங்குக் காவியத்தில் கூறுகிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆயினும், மாமன் மைத்துனர்களால் இவ்வளவு அல்லல் கண்ட குடும்பத்துக்கு, இந்நாட்டில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ ஒருவருமில்லாத, அங்கே இடம் கேட்டு வந்த ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே துரை ஆபத்தற்ற மனிதராகத் தோன்றியிருப்பார் என்பது என் ஊகம்.

அந்தத் துரைமாருக்கும் சம்பந்திகள் இருந்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்தார்கள், அவ்வளவுதான். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், இங்கே சேர்த்த செல்வத்தோடு சீமைக்குத் திரும்பினார். அவர் மகள் லூசி, பிற்பாடு மந்திரியான ஸ்டான்ஹோப்புக்கு வாழ்க்கைப்பட்டாள். பேரர் வில்லியம் பிட் 1754-இல் கிரென்வில் குடும்பத்து ஹெஸ்டரை மணந்தார். அவளுடைய சகோதரர் ஜார்ஜ் கிரென்வில்தான் 1765-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரைவரி விதித்தவர். மறு ஆண்டு அந்த வரி அநியாயமானது என்று பார்லிமெண்டில் முழங்கியவர் பிட். சுதந்தரம் பெற்ற அமெரிக்காவிலும் இதே கதைதான்: ஜனாதிபதி ஜெபர்சனும் பிரதம நீதிபதி மார்ஷலும் வர்ஜீனியாவின் ராண்டால்ப் வம்சத்து வழியில் தூரத்து உறவினர்கள், ஆயுள் முழுவதும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளவில்லை.