ஜெனரேட்டருக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார்

அந்த கேசட்டில் ஒரு மணி நேரக் கச்சேரி இருக்கிறது. அதற்குள் எங்கேயோ ஒரு பேஸ் கிட்டாரும் இருக்கிறது. நண்பன் கேட்டது அவ்வளவுதான்: "அப்பா வாசிச்சது மட்டும் கொஞ்சம் மேல வந்தா போதும்டா."

1994 பங்குனிப் பொங்கல். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த மெல்லிசைக் கச்சேரி. பதிவு செய்தது நண்பனின் அம்மா. மேடையை ஒட்டிப் பாய் விரித்து, மடியில் டூ-இன்-ஒன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்பா இப்போது இல்லை. சினிமாவில் வாசித்தவரும் இல்லை. அவர் வாசிப்பு என்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

முதலில் டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைக் காதால் கேட்டுக்கொண்டே திருப்பினால், மந்தமாக இருந்த சத்தம் சட்டென்று திறக்கும். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்தக் கால் திருப்புதான். சாஃப்ட்வேர் எல்லாம் அதுக்கப்புறம்தான். பாட்டு இல்லாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி அந்த இரைச்சலைக் குறைத்துத் தரும். கொஞ்சம் பேராசைப்பட்டால் பாடகர் தண்ணிக்குள்ள இருந்து பாடுவார்.

பேஸ்தான் சிக்கல். அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். குழாய் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகவே போகாது. அப்பாவின் ஆம்ப் பெட்டியிலிருந்து நேராக வந்ததுதான் கேசட்டில் விழுந்திருக்க முடியும். அந்தப் பெட்டியிலிருந்தே இன்னொன்றும் வந்திருக்கிறது: ஜெனரேட்டர் கரண்டின் 'ம்ம்ம்'. 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று அடுக்கடுக்காக நிற்கிறது. அதே கம்பியில் மூணாவது கட்டத்தில் விரல் வைத்தால் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். அடுத்த ஸ்தாயி ஜி, 98. ஜெனரேட்டர் வேறு ஒரே வேகத்தில் ஓடாது, அதனால் கொஞ்சம் அகலமாகத்தான் வெட்டணும். 'ம்ம்ம்' போகும், கூடவே அப்பாவும் போவார்.

பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துத் தரும் புது மென்பொருளிடமும் கொடுத்துப் பார்த்தோம். பேஸ் என்று அது தந்ததில் பாதி ஜெனரேட்டர்.

நண்பனுக்குப் பொறுமை போய்விட்டது. தெரிந்த ஒரு பேஸ் வாசிப்பாளரைக் கூட்டிவந்து ஒரு பாட்டுக்கு மேலேயே வாசிக்கவைத்தான். பிரமாதமாக இருந்தது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரு இல்லப்பா. சரணத்துக்குப் போறப்ப அவரு கொஞ்சம் முந்திருவாரு. டிரம்ஸ்காரரு மேடையிலயே முறைப்பாரு."

அன்றைக்கு ராத்திரி சரணத்துக்கு முந்தின நாலு விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடியை விட்டுவிட்டு 160 ஹெர்ட்ஸ் பக்கம் தேடினேன். கம்பியின் ஆதாரச் சத்தம் புதைந்து போனாலும் அதன் மடங்குகள் தப்பியிருந்தால், மீதியைக் காது தானே கட்டிக்கொள்ளும். இருந்தது. டிரம்முக்கு ஒரு மயிரிழை முன்னால், அவசரமாக ஒரு மீட்டு. நண்பன் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். புதுசா வாசிச்ச டிராக்கை அவனே மியூட் பண்ணினான்.

ஹம்மைப் பாதிதான் குறைத்தேன். 160 பக்கம் மூணு டெசிபெல் ஏற்றினேன். அவ்வளவுதான் முடிந்தது.

இந்த மாதிரி ரெக்கார்டர்கள் ஒலியளவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். டிரம்ஸ் அடித்தால் எல்லாவற்றையும் அமுக்கும், அமைதியானால் மெல்லக் காதைத் தீட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு பாட்டுக்கு நடுவே அம்மா முறுக்குக்காரரிடம் பேரம் பேசுவது கச்சேரியைவிடத் தெளிவாக விழுந்திருக்கிறது. "ஐயோ, அதை எடுத்துரு," என்றார் வெட்கத்துடன்.

1970இல் நியூயார்க்கின் மேக்ஸ் கேன்சஸ் சிட்டியில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் வாசித்ததை, பிரிஜிட் போல்க் ஒரு சின்ன கேசட் ரெக்கார்டரில் பிடித்தார். 1972இல் அது ஆல்பமாகவே வந்தது. அதில் பாட்டுகளுக்கு நடுவே கவிஞர் ஜிம் கேரல் குடிக்க ஆர்டர் கொடுப்பது கேட்கும். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. முறுக்கை மட்டும் எடுக்கலை.