ஒரே எண்

வல்லத்திராக்கோட்டைக்கு விடுமுறையில் வந்த தங்கை மகன், தன் பழைய பிளேஸ்டேஷன் 3ஐக் காட்டி, "இதன் பாதுகாப்பை எப்படி மாமா உடைத்தார்கள்?" என்று கேட்டான்.

2010 டிசம்பரில், பெர்லினில் நடந்த கணினி மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர் விளக்கியதைச் சொன்னேன். சோனி தன் மென்பொருள்களுக்கு இடும் மின்கையொப்பம் ஒவ்வொன்றுக்கும், யூகிக்க இயலாத புதிய எண் வேண்டும். அங்கோ ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. இரு கையொப்பங்களை ஒப்பிட்டே இரகசியத் திறவுகோலைக் கணக்கிட்டுவிட்டனர்.

சொல்லி முடித்ததும் எனக்கு நாணமாயிற்று. ஜமாஅத் கணக்கிற்கும், வங்கிக்கும், மின்னஞ்சலுக்கும் நான் வைத்திருந்தது ஒரே கடவுச்சொல். பிறர் நம்பி ஒப்படைத்த கணக்கு அமானிதம் அல்லவா? அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் அமர்ந்து, மூன்றையும் வெவ்வேறாக மாற்றினேன். சகோதரர்களே, உங்கள் பூட்டுகளையும் ஒருமுறை பாருங்கள்.