குளியலறைக்கு ஒரு பலகை

குளியலறையில் சோப்பும் எண்ணெயும் வைக்க ஒரு பலகை மாட்ட எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

புதுச்சேரியில் நான் பிறந்த பழைய வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. கனமான சுவரில் ஒரு மாடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், மஞ்சள் எல்லாம் அதில் அடங்கிவிடும். இப்போதைய வீட்டில் குளியலறைச் சுவர் 4½ அங்குலம்தான். மாடம் குடைய வழியில்லை.

முதலில் பிளைவுட் அலமாரி வாங்கினேன். ஒரு மழைக்காலத்திலேயே ஈரத்தில் ஊதிப்போனது. அடுத்தது பளபளவென்ற கம்பி அடுக்கு. கடலோர உப்புக் காற்று சும்மா விடுமா? திருகாணியிலிருந்து துரு வடிந்து டைல்ஸில் கோடு விழுந்தது. மூன்றாவது, கண்ணாடிப் பலகை. பார்க்க அத்தனை அழகு! என் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டச் சொன்னேன்.

என் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சீயக்காய் டப்பாவை எடுக்க நுனிக்காலில் நின்றிருக்கிறாள். கால் வழுக்க, துண்டு போடும் கம்பியைப் பிடித்திருக்கிறாள். அது பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, சுவரில் சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. தூக்கி நிறுத்தியபோது ஒன்றுதான் சொன்னாள்: “உங்க கைக்கு எட்டுதான்னு மட்டும்தான பாத்தீங்க?”

அலுவலக ரெக்கார்டு ரூமில் மேல்தட்டுக் கோப்புக்கு ஏணி தேடி அலைந்து, அலமாரி செய்தவரைத் திட்டித் தீர்த்த குமாஸ்தா நான். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று மாலை அவளைச் சுவரோரம் நிறுத்தி, கையை இயல்பாக நீட்டச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டேன். தரையிலிருந்து 3½ அடி. குழாய் போகும் பக்கத்தைத் தவிர்த்து, வேறொரு மூலையைத் தேர்ந்தோம். கடையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டைக் கால்வட்டமாக அறுத்து, கொத்தனார் இரண்டு சுவரிலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பதித்தார். தண்ணீர் தேங்காதபடி லேசான சாய்வு. இடித்துக்கொள்ளாதபடி மழுக்கிய விளிம்பு. கறுப்புக் கல்லில் போர்த் தண்ணீர்க் கறை பளிச்சென்று தெரியும் என்று சாம்பல் நிறம் எடுத்தோம். திருகாணி இல்லை, துருவும் இல்லை.

பிடித்து எழுந்திருக்கத் தனியாக ஒரு ஸ்டீல் கைப்பிடி, செங்கல்லுக்குள் ஆழமாக முடுக்கியது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பார்கள். நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். துண்டுக் கம்பி துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது.

வேலை முடிந்ததும் அவள் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தாள். “இப்ப சரி” என்றாள்.

அந்த அழகான கண்ணாடிப் பலகை இப்போது கூடத்தில், என் உயரத்தில், என் பழைய பிரெஞ்சு அகராதியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.