கூரைக்கும் கைப்பேசிக்கும் நடுவே

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் தகரக் கூரை முழுக்க சோலார் பலகைகள். கீழே, வடக்குச் சுவர் நிழலில் பத்து இன்வெர்ட்டர்கள், ஒவ்வொன்றும் 100 கிலோவாட். பலகை தரும் டி.சி.யை ஆலைக்கு வேண்டிய ஏ.சி.யாக மாற்றுபவை. பத்தையும், தகவலைத் திரட்டி இணையத்துக்கு அனுப்பும் ஒரு கேட்வேயோடு கோத்துவிட்டால், எது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதை முதலாளி கோவையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். கோத்துக்கொடுக்க வந்திருந்தவர்கள் இருவர். மூத்தவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் பேனல் போர்டு வேலையில் ஊறியவர். இளையவர் டிப்ளமோ முடித்து லேப்டாப்போடு வந்தவர்.

விடியுமுன்பே தொடங்கிவிட்டார்கள். பலகையில் வெளிச்சம் படாதவரை இந்த இன்வெர்ட்டர்கள் உறங்கும். கம்பியை அளந்து பார்க்க அதுதான் நேரம். ஆர்.எஸ்.485 என்ற இணைப்புக்கு முறுக்கிய இரண்டே கம்பிகள் போதும். முதல் இன்வெர்ட்டரிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று ஒரே வரிசையாகப் போகவேண்டும். நடுவில் கிளை பிரிக்கக்கூடாது. வரிசையின் இரு கடைசியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் மீட்டரில் 60-ஐ ஒட்டி வரவேண்டும்.

"ஏனுங்ணா, நாப்பது காட்டுது."

"நாப்பதா? அப்ப மூணு கெடக்குது. நடுவுல எங்கியோ ஒண்ணு இருக்குது, தேடு தம்பி."

ஆறாவது இன்வெர்ட்டருக்குள், அந்தத் தடையை இணைக்கும் நகக்கண் அளவு சுவிட்ச் ஒன்று, முன்பு வந்த ஆட்கள் போட்டபடியே கிடந்தது. அதைத் தள்ளியதும் மீட்டர் அறுபதுக்கு வந்தது. திரையில் எந்தப் பிழைச்செய்தியும் வராத பழுது இது. சில சமயம் தகவல் வரும், சில சமயம் வராது. மாதக்கணக்கில் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆலையில் இன்னொரு வம்பும் உண்டு. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் பெரிய விசிறிகளை, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. ஓட்டுகிறது. அதன் மின்கேபிளும் தகவல் கம்பியும் ஒரே ட்ரேயில் படுத்திருந்தன. தகவலில் மின் இரைச்சல் ஏறாமல் என்ன செய்யும்? மூத்தவர் தகவல் கம்பியைத் தனிக் குழாயில் மாற்றினார். அதன் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார். இரு முனையிலும் எர்த் கொடுத்தால் உறையிலேயே மின்னோட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுமாம்.

வெயில் ஏறியதும் இளையவரின் முறை. கம்பி வழியே பேசும் மொழி மோட்பஸ். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979-இல் ஆலைக் கருவிகளுக்காக உருவாக்கியது, இன்றும் அசைக்க ஆளில்லை. பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல கேட்வே ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடும், கூப்பிட்டது மட்டும் பதில் சொல்லும். எண்கள் 1 முதல் 247 வரை. தொழிற்சாலையிலிருந்து எல்லா இன்வெர்ட்டர்களும் ஒன்றாம் எண்ணிலேயே வந்திருந்தன. ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து பேசும், ஒன்றும் புரியாது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று எண்ணை மாற்றி, அதே எண்ணைக் கதவில் ஸ்டிக்கராகவும் ஒட்டிக்கொண்டு போனார்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். இன்வெர்ட்டர் தன் அளவுகளை எழுதி வைக்கும் ஒரு பதிவேட்டில் 65,535 வரைதான் கொள்ளும். ஒரு லட்சம் வாட்டைச் சொல்ல இரண்டு பதிவேடுகள் வேண்டும். எது முன், எது பின் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. மாற்றிப் படித்தால் அந்த ஒரு லட்சம் 225 கோடி வாட்டாகிவிடும். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் சேர்ந்தே 2,000 மெகாவாட்தான். இங்கே சுவரில் தொங்கும் ஒரே பெட்டி அதை மிஞ்சிவிடும்! கடிகாரத்திலும் கவனம் வேண்டும். கேட்வே உலகப் பொதுநேரத்தில் நின்றால் நண்பகல் உற்பத்தி காலை 6.30 மணிக் கட்டத்தில் போய் உட்காரும்.

நெட்வொர்க் போனாலும் கேட்வே தகவலைத் தன்னிடமே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். அதைச் சோதிக்க சிம்மைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். டீக்கடையில் மூத்தவர் கொஞ்சம் மனம் திறந்தார். கொட்டேஷனில் கண்காணிப்புக்கென்று பெரும்பாலும் தனி வரியே இராதாம், "இலவசம்" என்று போட்டுவிடுவார்களாம். பலகை, ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் முடிந்து, நாளும் பணமும் தீர்ந்த பிறகே இவர்களைக் கூப்பிடுவார்களாம். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. கூரையில் மயில் எச்சமிட்டோ, அணில் கேபிளைக் கடித்தோ ஒரு வரிசைப் பலகைகள் படுத்துவிட்டால், மின்கட்டணம் வரும்வரை தெரியாமல் போவதை அன்றைக்கே காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு கம்பிகள்தான்.

திரும்பி வந்து சிம்மைப் போட்டதும், விட்டுப்போன வரைகோடு தானாக நிரம்பியது. கடைசியாக கேட்வேயின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை இளையவர் மாற்றினார். நிறையப் பேர் மாற்றுவதில்லை. இணையத்தில் இருக்கும் கருவிக்கு அது திறந்துபோட்ட கதவு.

2024 பிப்ரவரியில் பி.எம். சூரிய கர் திட்டம் வந்தபின், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்தில் வீட்டுக் கூரைகளிலும் சோலார் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஒரு வைஃபை ஸ்டிக்தான் இருக்கும். வீட்டு வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் அதற்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், கண்காணிப்புக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருப்பது. போட்டுக்கொடுத்தவரின் கணக்கிலேயே விட்டுவைத்தால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் வரைகோடும் போய்விடும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.