அம்மாவோட இருந்து பாக்கக்கூடிய தளம் எது?

“மச்சான், நெட்பிளிக்ஸ் எடுக்கிறதா, பிரைம் எடுக்கிறதா?” சம்பளம் எடுக்கத் தொடங்கின நண்பர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் இதைக் கேட்பார்கள். இணையத்தில் தேடினால் பதில் நிறைய இருக்கு. எதில தொடர் கூட, எதில விலை குறைவு, எதில படம் துலக்கம். எல்லாம் சரிதான். ஆனா அந்த ஒப்பீடுகளை எழுதினவர்களின் வீடும் எங்கட வீடும் ஒன்றல்ல. இரண்டையும் மாறி மாறி வைத்திருந்த ஆள் என்ற முறையில், நான் வேற நாலு விசயத்தைப் பாக்கச் சொல்லுவன்.

முதலாவது காசு. இரண்டு தளமும் 2016இல்தான் இலங்கைக்கு வந்தன. நெட்பிளிக்ஸ் ஜனவரியில, பிரைம் வீடியோ டிசம்பரில. கட்டணம் டொலரில. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில இருந்தது. மே மாதமளவில் 360 ரூபா ஆகிட்டுது. தளம் ஒரு சதம் கூட்டாவிட்டாலும், 10 டொலர் கட்டுறவருக்கு 2000 ரூபா 3600 ஆகும். அதோட வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய கார்ட்டும் வேணும். எங்கட வட்டத்தில கனபேரிட்ட அது இல்லை. கனடா மாமாவின்ர கணக்கிலயும் பிரான்ஸ் மச்சாளின்ர கணக்கிலயும்தான் அவையின்ர வண்டி ஓடினது. 2023இல் நெட்பிளிக்ஸ், ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தான் எண்டு இறுக்கினது. குடும்பம் எண்டால் ஒரு கூரைக்குக் கீழ இருக்கிற ஆக்கள் எண்டு நினைச்சு எழுதின விதி அது. நாலு நாட்டில சிதறிக் கிடக்கிற குடும்பங்கள் அந்தக் கணக்குக்குள்ள வராது.

இரண்டாவது டேட்டா. நெட்பிளிக்ஸ் தானே சொல்லுற அளவுப்படி, சாதாரண தரத்தில் மணித்தியாலத்துக்கு 1 ஜிபி வரை போகும். எச்டி எண்டால் 3 ஜிபி வரை. முக்கால் மணித்தியாலப்படி 8 எபிசோட் உள்ள ஒரு தொடரை எச்டியில முடிக்க 18 ஜிபி வரை வேணும். சாதாரண தரத்தில 6 ஜிபி காணும். போன் திரையில எனக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியேல்லை. இரண்டு செயலியிலயும் முதலே இறக்கி வைச்சுப் பாக்கலாம். எங்கட வீட்டில இரவு டேட்டாவில இறக்கிறது, பின்னேரம் பாக்கிறது. 2022 மின்வெட்டு நாட்களில, இறக்கி வைச்ச எபிசோட்டும் சார்ஜ் உள்ள ஒரு போனும்தான் எங்களிட்ட இருந்த தொலைக்காட்சி.

மூன்றாவது மொழி. இங்கதான் அம்மா வாறா. இங்கிலிஷ் சப்டைட்டில் ஓடுற வேகத்துக்கு அம்மாவால வாசிக்க ஏலாது. “நீ பார், நான் பேந்து பாக்கிறன்” எண்டு எழும்பிப் போயிடுவா. அந்தப் ‘பேந்து’ வாறதேயில்லை. ‘மெட்டி ஒலி’ ஓடின காலத்தில பக்கத்து வீட்டு ஆக்களும் எங்கட விறாந்தையில வந்திருந்து பாத்தவையாம். அதே வீட்டில இப்ப மூண்டு பேர் மூண்டு போனில, காதில இயர்போனோட. 2021இல் ‘மணி ஹைஸ்ட்’ தமிழ்க் குரலோட வந்த பிறகுதான் அம்மா என்னோட இருந்து ஒரு வெளிநாட்டுத் தொடரைப் பாத்தா. அதில வாற புரொபசருக்கு அவ வைச்ச பேர் ‘கணக்கு மாஸ்டர்’. பிரைமில 2022இல் வந்த ‘சுழல்’, ‘வதந்தி’ இரண்டும் தமிழிலேயே எடுத்தவை. அதனால அம்மாவுக்குப் பிரைம் ஒரு படி மேல. கொரியத் தொடருக்கு அலையிற எனக்கு நெட்பிளிக்ஸ் மேல. காசு கட்ட முதல், நீங்கள் பாக்க நினைக்கிற தொடரில தமிழ்க் குரல் இருக்கா எண்டு பாருங்கோ.

நாலாவது, அந்தத் தளத்தில நாங்கள் இருக்கிறமா? 2021 ஜூனில் பிரைமில் வந்த ‘த ஃபேமிலி மேன்’ இரண்டாவது சீசனில் சமந்தா நடிச்ச ராஜி ஈழத்துப் பெண். அது வர முதலே, தடை செய்யச் சொல்லித் தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஆதரவும் எதிர்ப்புமாக நடந்த விவாதத்தில எங்கட குரல் பெரிசாய்க் கேக்கேல்லை. தொடரைப் பாத்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: “எங்கட கதை எண்டினம். எங்கட ஆக்கள் இப்பிடியே கதைக்கிறவை?”

நான் காசு கட்டின இரண்டு தளத்திலயும் இலங்கைத் தமிழில எடுத்த ஒரு தொடரும் என்ர கண்ணில படேல்லை. எங்கட பேச்சுக் கேக்கிறது யூடியூபிலதான். யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் மலையகத்திலயும் பெடியளும் பெட்டையளும் கைக்காசு போட்டு எடுக்கிற குறும்படங்களும் தொடர்களும் அங்க கிடக்கு. சிலதில சத்தம் சரியில்லை, சிலதில நடிப்பு ஒட்டேல்லை. ஆனா எங்க சிரிக்க வேணும் எண்டு அம்மாவுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கார்ட் வேண்டாம், 144பியிலயும் ஓடும். தர வரிசை போடுற கட்டுரைகளில இதை ஒரு தளமாகவே எண்ணுறதில்லை.

ஆகவே என்ர பதில் இதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில வைச்சிருக்காதேங்கோ. ஒரு மாதம் ஒண்டை எடுத்து, பாக்க நினைச்சதைப் பாத்து முடிச்சு நிப்பாட்டுங்கோ. பிறகு மற்றது. ஒண்டும் எடுக்காத மாதத்தில யூடியூபில எங்கட ஆக்கள் போடுறதைத் தேடிப் பாருங்கோ, நல்லதோ கெட்டதோ ஒரு கருத்தும் எழுதுங்கோ. எதை எடுக்கிறதா இருந்தாலும், அதுக்கு முதல் வீட்டில இருக்கிற ஆக்களிட்ட என்ன பாக்க விருப்பம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ.